இங்கே வெள்ளியங்கிரி தூங்குகிறார்

செத்துட்டாரு என்று சொன்னாரா, போயிட்டாரு என்று சொன்னாரா? ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் ஹாலோவீனுக்காகப் பழைய வேட்டியைக் கிழித்துச் செய்த பேய் பொம்மை. அதன் தலைக்குள் செய்தித்தாளைக் கசக்கி அடைத்திருந்தோம், அது என் விரல்களுக்குள் மொறுமொறுவென்று நெரிந்தது, அந்தச் சத்தத்தில் என் வீட்டுக்காரர் சிவராஜ் சொன்ன வார்த்தை நழுவிவிட்டது. வெள்ளியங்கிரி அண்ணன் என்பது மட்டும் காதில் நிற்கிறது. ஃபேக்டரி கேன்டீன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே. "பூங்கொடி, கேக்குதா? லைன்ல இருக்கயா?" கேட்கிறது. இருக்கிறேன். எதிர்வீட்டு வெள்ளியங்கிரி அண்ணன், காலையில் லிஃப்டுக்குள் நின்று கதவை முழங்கையால் தடுத்துக்கொண்டு என் மகள் மகிதாவிடம் கத்திப் பேசிய வெள்ளியங்கிரி அண்ணன், "சாயங்காலம் சீரியல் பல்பு கொண்டாரேன் அம்மிணி, பரங்கிக்காய்க்குள்ள போட்டு உடலாம், மொகம் தகதகன்னு எரியும்" என்று சொன்னவர். அந்த பல்பு சிவப்பா மஞ்சளா என்று கேட்கத்தான் பதினோரு மணிவாக்கில் சிவராஜுக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் கடைசியாகப் பேசிய எண் அது. அதனால்தான் கேன்டீனில் இருந்தவர்கள் அவர் போனை எடுத்து அதே எண்ணுக்கு அடித்திருக்கிறார்கள். சிவப்பு என்றாராம் சிவராஜ். சிவப்பே வாங்கிடுங்கண்ணா. இதை ஏன் என்னிடம் இப்போது சொல்கிறார்? அவருக்கும் கை கால் ஓடவில்லை போல. நான் ஸ்டூலை விட்டு இறங்காமலே கீழே பார்த்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில், சுவரில் ஒட்டியபடி, வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிச் சாம்பல் பெயின்ட் அடித்த கல்லறைப் பலகை. தலைப்பக்கம் வளைவாக, கறுப்பு மார்க்கரில், கோணல்மாணலாக: இங்கே வெள்ளியங்கிரி தூங்குகிறார். எளுப்பாதீர்கள்.

எளுப்பாதீர்கள். தப்பு, ழு போடவேண்டும் என்று நேற்றே நான் சொன்னேன். அவர்தான் விடவில்லை. "நானே அப்பிடித்தானுங்க சொல்றது, என்ற கல்லுல என்ற பாசை இருக்கட்டும்." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பலகையை எழுதச் சொன்னதே அவர்தான், இதை நான் எல்லோரிடமும் சொல்லவேண்டியிருக்கும், இன்றைக்கே, இந்த அப்பார்ட்மென்டில் இருக்கும் ஒவ்வொரு வாயிடமும், அவர்தான் கேட்டார், குழந்தை தானாக எழுதவில்லை, அவர்தான் கேட்டார். மகிதா மற்ற பலகைகளில் டிராகுலா என்றும் கணக்கு வாத்தியார் என்றும் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் லுங்கியோடு வாசலில் வந்து நின்று, "ஏனம்மிணி, ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் போடறே, எனக்கு ஒண்ணு இல்லையா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டார், அவர் மனைவி ருக்மணி அக்கா கரண்டியால் கட்டில் காலைத் தட்டித்தான் எழுப்புவார், அது எங்கள் வீட்டுக்கே கேட்கும். அந்த எரிச்சலில்தான் அவர் அந்த வாசகத்தைச் சொன்னது. இதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அட்டை, பெயின்ட், மார்க்கர். ஒன்றும் இல்லை என்றால் ஏன் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை? "நீ போயி அக்கா பக்கத்துல இரு," என்றார் சிவராஜ். "ஒண்ணும் சொல்லாதே. அன்னூர்ல இருந்து அவங்க அண்ணன் கிளம்பிட்டாராம். அவர் வந்து பக்குவமாச் சொல்லட்டும். அவங்க போனைப் பாக்காமப் பாத்துக்க." சரி என்றேன். சரி என்ற வார்த்தை எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது?

முதலில் பலகை. பலகையை எடுத்து என் வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் தள்ளிவிட வேண்டும். அப்புறம் எலும்புக்கூடு, அப்புறம் பேய்கள், வௌவால்கள், எல்லாம். ஸ்டூலிலிருந்து இறங்கும்போது உல்லன் நூலில் கட்டிய சிலந்தி வலை தலைமுடியில் சிக்கியது. பிய்த்துக்கொண்டு வந்தேன். வெள்ளை நூல் முகத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது. இந்தப் பேய்ப் பண்டிகையே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் அமெரிக்காவில் ஒஹையோவிலிருந்து திரும்பி வந்தபிறகு மகிதா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அங்கே அக்டோபர் முடிவில் தெருத்தெருவாகப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் அவள் பேசும் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஒரு பிள்ளையும் வீட்டுக்கு வரவில்லை, அவளையும் யாரும் கூப்பிடவில்லை. ஹாலோவீன் என்று சொன்னதும் வேனில் வரும் நாலைந்து பெண்கள் வருகிறோம் என்றார்களாம். அன்று ராத்திரி அவள் தூக்கத்தில்கூடச் சிரித்தாள். கடையில் எதுவும் கிடைக்காது, நாமே செய்யலாம் என்றேன். முட்டை அட்டையில் சிலந்தி, கறுப்பு சார்ட்டில் வௌவால், காது குடையும் பட்ஸில் எலும்புக்கூடு. அசோசியேஷன் செயலாளர் வந்து, குடும்பங்கள் இருக்கிற இடத்தில் இதெல்லாம் அபசகுனம், எடுத்துவிடுங்கள் என்று சொன்னபோது வெள்ளியங்கிரி அண்ணன்தான் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "ஏனுங் சார், கீழ கேட்டுல நாக்கை நீட்டிக்கிட்டு ஒரு பூதம் தொங்குது, திருஷ்டிக்குன்னு நீங்கதான் கட்டுனீங்க. அதுக்கு எந்த மீட்டிங் போட்டீங்க? குழந்தை கட்டுனா மட்டும் பேய் வந்துருமா?" செயலாளர் படியிறங்கிப் போய்விட்டார். இன்று ராத்திரி அவர் என்ன சொல்வார்? அவர் சொல்ல வேண்டியதே இல்லை. பார்த்தால் போதும். மகிதாவை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

பலகையைச் சுவரிலிருந்து பிரித்துக் கையில் எடுத்தேன். கனமே இல்லை. அட்டைதானே. எழுத்து என் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்தேன், அப்போது எதிர்க்கதவு திறந்தது. ருக்மணி அக்கா. கையெல்லாம் மாவு, நெற்றியில் வேர்வை. என்னைப் பார்த்தார், என் கையிலிருந்ததைப் பார்த்தார். "ஏன் அம்மிணி, கழட்டறே?" பலகையை இன்னும் வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். "அந்தச் செக்ரட்டரி மறுபடி வந்தானா? வந்தா என்னையக் கூப்புடு, நான் கேக்கறேன்." இல்லீங்கக்கா என்றேன். பின்னே ஏன்? பின்னே ஏன் என்ற கேள்விக்கு உலகத்தில் இரண்டு பதில்தான் இருந்தது. ஒன்றைச் சொல்லக்கூடாது. இன்னொன்று, "ஒட்டு விட்டுருச்சுங்கக்கா, விழுந்துருச்சு." என் குரல்தான் அது. நன்றாகத்தான் இருந்தது. "அட, இதுக்குத்தானா, இரு" என்று உள்ளே போனார். போய் வருவதற்குள் ஓடிவிடலாம், பலகையோடு படியிறங்கி ஓடிவிடலாம் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பழுப்பு டேப்பும் கத்தரியுமாக வந்தார். என் கையிலிருந்து பலகையை வாங்கிக்கொண்டார். சுவரில் வைத்துச் சரிபார்த்தார். "நேராப் புடி." பிடித்தேன். நான் பிடித்துக்கொண்டேன், அவர் ஒட்டினார், மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொரு டேப்பையும் மாவுக்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். வெள்ளியங்கிரி என்ற பெயருக்கு மேல் அவர் கட்டைவிரல் மாவு ஒட்டிக்கொண்டது. "அவரு வந்து பாக்கோணும்ல. நேத்தெல்லாம் ஒரே பெருமை, எனக்குக் கல்லு வெச்சுட்டாங்க, இனி நீ என்னைய எழுப்ப முடியாதுன்னு." சிரித்தார். இன்னும் சிரிக்கிறார். நான் இந்தப் பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். இவர் கடைசியாகச் சிரிப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு எண்ணம் வந்தது. சீ, அப்படி நினைக்காதே. ஆனால் வந்துவிட்டது. வந்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

உள்ளே வா என்றார், போனேன். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது, கச்சாய மாவு கரைத்து வைத்திருந்தார், வெல்லமும் ஏலக்காயும் கலந்த வாசனை. சாயங்காலம் வரும் பிள்ளைகளுக்கு. "மிட்டாய் குடுக்கோணும்னு சொன்னா மகி. அது என்ன கடை மிட்டாய், பல்லுல ஒட்டிக்கறது. கச்சாயம் சுட்டுத் தர்றேன்னேன்." கரண்டியில் மாவை மொண்டு எண்ணெயில் ஊற்றினார். அது அடியில் போய், ஒரு நிமிஷம் யோசித்து, உப்பி மேலே வந்தது. ஒன்று. இன்னொன்று. நான் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றேன், முதுகில் அதன் நடுக்கம், அது என்னுடையதா ஃபிரிட்ஜினுடையதா தெரியவில்லை. ஒஹையோவில் முதல் வருஷம் எங்கள் தெருவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். புல்வெளியெல்லாம் கல்லறை, மண்ணுக்குள்ளிருந்து நீளும் கைகள், ஒரு வீட்டு வாசலில் ஆள் உயர எலும்புக்கூடு நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தது. இவர்களுக்கு என்ன பயமே இல்லையா என்று சிவராஜிடம் கேட்டேன். பிறகு புரிந்தாற்போல் இருந்தது, அங்கே நான் இருந்த வருஷங்களில் ஒரு பிணத்தைக்கூடப் பார்க்கவில்லை. யாராவது செத்தால் ஒரு கார் வந்து கொண்டுபோய்விடும், தெரு சுத்தமாக இருக்கும். இங்கே அப்படியில்லை. இங்கே வீட்டுக்குத்தான் வரும். இந்த ஹாலில்தான் சோபாவை நகர்த்திவிட்டு, தெற்கே தலை வைத்து. அதற்கு அந்த லிஃப்ட் வழியாகத்தான் வரவேண்டும். லிஃப்டுக்குள் நீட்டிப் படுக்கவைக்க முடியாது, படிவழியாகத் தூக்குவார்கள், படியேறித் திரும்பியதும் பேய்கள் தொங்கும், பலகை நிற்கும், தூக்கி வருகிறவர்கள் படிப்பார்கள். எல்லோருக்கும் படிக்கத் தெரியும். "நீ ஏன் நிக்கற, உக்காரு," என்றார் அக்கா. "மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்திருக்கு? தலைல என்ன, நூலு?" கிட்டே வந்து என் முடியிலிருந்து அந்தச் சிலந்தி வலையை நூல் நூலாக எடுத்தார்.

சொல்லாதே. பக்குவமாக. அண்ணன் வந்து. எனக்கும் அப்படித்தான் பக்குவமாகச் சொன்னார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல், கொஞ்சம் சீரியஸ், பார்க்க ஆசைப்படறாரு, கிளம்பி வா. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விமானத்தில், மகிதா மடியில், அப்பாவுக்கு என்று வாங்கிய ஸ்வெட்டர் பையில். பக்கத்து ஸீட் பெண்ணிடம், அப்பாவுக்குக் காய்ச்சல், என்னைப் பார்த்தால் எழுந்துவிடுவார் என்று சொன்னேன், பெருமையாகச் சொன்னேன். ஈரோட்டில் எங்கள் தெரு திரும்பியதும் பந்தல். வாடகை நாற்காலிகள். நான் அழவில்லை, முதலில் அழவில்லை, எத்தனை பேருக்குத் தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்றுதான் மனசு எண்ணியது. ஏர்போர்ட்டுக்கு வந்த சித்தப்பாவுக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரியும். என்னோடு விமானத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த சிவராஜுக்குத் தெரியும், எனக்குச் சாப்பாட்டுத் தட்டின் மூடியைத் திறந்துகொடுத்த சிவராஜுக்கு. உலகத்தில் எனக்கு மட்டும் தெரியாமல் என் அப்பா செத்திருந்தார். இனிமேல் யாரும் எனக்கு இப்படிச் செய்யக்கூடாது, நானும் யாருக்கும் செய்யமாட்டேன் என்று அவரிடம் கத்தினேன். அந்த சிவராஜ்தான் இன்று போனில் சொன்னார். நான் சரி என்றேன். சரி. பலகையை வேறு பிடித்துக் கொடுத்தேன். சொல்வதென்றால் எந்த வார்த்தை? தவறிட்டாரு. ஏதோ படியில் கால் தவறியதுபோல. காலமாயிட்டாரு, அது நோட்டீஸில் போடுவது. போயிட்டாரு, எங்கே? ஆஃபீஸுக்கா? ஒவ்வொரு வார்த்தையும் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

"இரு, இருட்டறதுக்குள்ள ஒரு போட்டோ புடிச்சு இவருக்கு அனுப்பறேன்," என்று அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு மேடைமேலிருந்த போனை எடுத்தார். நான் தடுக்கவேண்டும். தடுக்க ஒரு காரணமும் இல்லை. வாசலுக்குப் போய், பேய்களும் பலகையும் ஒன்றாக விழும்படி பின்னால் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து எடுத்தார். அனுப்பினார். திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஒத்த டிக்குதான் வருது. போனை ஆஃப் பண்ணி வெச்சிருக்காரோ? மீட்டிங்கோ என்னமோ." மீட்டிங்காத்தான் இருக்குமுங்க என்றேன். இது இரண்டாவது பொய். எண்ணுகிறேன், நானும் எண்ணப்படுவேன் என்று தெரிந்து எண்ணுகிறேன். "வெளிச்சம் சரியில்லீங்கக்கா, குடுங்க, நான் நல்லா ஒண்ணு எடுத்துத் தர்றேன்." தந்துவிட்டார். சந்தேகமே இல்லாமல் தந்துவிட்டார். சத்தத்தை அமுக்கினேன், வாசல்வரை போவதுபோல் போய் ஒரு படமும் எடுக்காமல் திரும்பினேன். போன் என் கைக்குள் ஒரு தவளைபோல் உதறியது. சின்னண்ணன் என்று பெயர் வந்தது. அன்னூர் அண்ணன். தொடையோடு சேர்த்து அழுத்தினேன். நின்றது. மறுபடி உதறியது. அக்கா கச்சாயத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசுகிறார், அவருக்கு மஞ்சப் பரங்கிக்காய்னா உசிரு, ஊர்ல இருந்து கொண்டாந்ததே பொரியல் பண்ணத்தான், குழந்தை கேட்டதும் தூக்கிக் குடுத்துட்டாரு, கண்ணு மூக்கு வெட்டுன சீவலையெல்லாம் பொறுக்கிக் கொண்டாந்து நான் பொரியல் பண்ணிக் குடுத்தேன், ரெண்டு தரம் போட்டுச் சாப்புட்டாரு. சாப்புட்டாரு, குடுத்துட்டாரு, எல்லாம் இறந்தகாலம். பேச்சிலேயே அவர் முடிந்துகொண்டிருந்தார், அக்காவுக்குத் தெரியவில்லை, எண்ணெய் சிரித்தது.

"என்ன அம்மிணி, போன் கெடந்து துள்ளுது? ஆரு?" அதற்குள் என் உள்ளங்கை வேர்த்துப் போன் வழுக்கியது. "அண்ணனுங்கக்கா." "சின்னண்ணனா? இந்நேரத்துல கூப்புடவே மாட்டானே. எடுத்துக் குடு." கையை நீட்டினார். மாவுக்கை, வளையல், அந்த நீட்டிய கை. நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்தப் பக்கம் யாராவது அழுகிற சத்தம் கேட்கும், அவர் கேட்கிற முதல் சத்தம் அதுவாக இருக்கும். கொடுக்காமலும் எத்தனை நேரம் நிற்பது? அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். இன்னும் ஒன்றும் தெரியாது, தெரியாது, ஆனால் கண் மட்டும் என் முகத்தில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டது. இனி முடியாது. "அண்ணன் இல்லீங்கக்கா," என்றேன். அக்கா குழம்பினார். "இப்பத்தானே அண்ணன்னு சொன்னே? அண்ணன் இல்லீன்னா ஆரு?" ஐயோ, அப்படி இல்லை, அந்த அண்ணன் இல்லை, நான் உங்கள் வீட்டுக்காரரை அண்ணன் என்றுதானே கூப்பிடுவேன், இல்லை என்றால் அந்த இல்லை. ஒரு வார்த்தையில் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன், அந்த வார்த்தைகூட என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. பெயரைச் சொல்லவேண்டியிருந்தது. "வெள்ளியங்கிரி அண்ணன். செத்துட்டாருங்கக்கா. கேன்டீன்ல விழுந்துட்டாருங்களாமா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ளேயே." என் குரல் ரொம்பச் சத்தமாக இருந்தது, யாரையோ திட்டுவதுபோல. சட்டியில் கிடந்த கச்சாயம் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. அவர் திரும்பி, ஜல்லிக்கரண்டியால் அதை எடுத்து, எண்ணெய் வடியும்வரை பிடித்திருந்து, தட்டில் வைத்தார். அடுப்பை அணைத்தார். கையைப் புடவையில் துடைத்தார். "எப்பத் தெரியும் உனக்கு?" இதே கேள்வி. இதே கேள்விதான் நானும் கேட்டேன். "நீங்க கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியேங்கக்கா." "டேப் ஒட்டறப்பத் தெரியும்." அது கேள்வியா என்று தெரியவில்லை. தலையாட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிக்கொண்டு நடந்தார். செருப்பில்லாமல், மெதுவாக, ஏதோ அடுத்த வீட்டில் தயிர் வாங்கப் போகிறவரைப் போல வாசலுக்கு.

பின்னாலேயே போனேன். அக்கா பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். படித்துக்கொண்டிருக்கிறாரா, வெறுமனே பார்க்கிறாரா தெரியவில்லை. எங்கிருந்தோ காற்று வந்து பேய்கள் லேசாக ஆடின. லிஃப்ட் ஏறிவரும் சத்தம். இப்போது யார்? அண்ணனா? செயலாளரா? கடவுளே, மகிதா மட்டும் வேண்டாம் என்றது மனசு, மகிதாதான். வேனிலிருந்து இறங்கி, ஒரு தோளில் பையும், தலைக்குமேல் தூக்கிவிட்ட பூனை முகமூடியுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு. "அம்மா, அஞ்சு பேர் வர்றாங்க! அஞ்சு பேர்! பெரிம்மா, பெரிப்பா வந்துட்டாரா? பல்பு வாங்கிட்டாரா?" குழந்தையின் முகம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. வந்துட்டே இருக்காரு என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை. அதுதான் மோசம். நான் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். "மகி, பெரிப்பா செத்துட்டாரு. இன்னிக்கு மத்தியானம்." அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே பலகையைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அதைத்தான் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். உதடு அசைந்தது, தான் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல. அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், "நான் எழுதினதாலயா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் சொல்லி என்ன பயன்? நான் அம்மா, இல்லை என்றுதான் சொல்வேன், அது அவளுக்கே தெரியும். அவள் கேட்டது என்னை அல்ல. அக்காவின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் அவளைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு குழந்தையை யாரும் பார்க்கக்கூடாது. இந்த அக்கா வாயிலிருந்து இப்போது என்ன வருகிறதோ அது என் மகளோடு கடைசிவரை வரும், கல்யாணத்துக்கு வரும், பிள்ளை பெறும்போது வரும், நான் செத்தபிறகும் வரும். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டால்கூட அதுவும் வரும். பையை இழுத்துக்கொண்டு அவளை வீட்டுக்குள் தள்ளிவிடலாமா என்று என் கை எழுந்தது. அதற்குள் அக்கா குனிந்தார். மகிதாவின் தலையிலிருந்த முகமூடியைக் கழற்றினார், எலாஸ்டிக் முடியில் மாட்டியிருந்ததை வலிக்காமல் எடுத்தார். "இல்ல சாமி," என்றார். "காத்தால எந்திரிச்சப்பவே நெஞ்சு கரிக்குதுன்னாரு. இடது கைய நீவிக்கிட்டே உக்காந்திருந்தாரு. நாந்தான் வாயுன்னு சொல்லி ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்து அனுப்புனேன்." சொல்லிமுடித்தபிறகுதான் அவர் அதைக் கேட்டார். நான் பார்த்தேன். சொன்னது காதுக்குப் போய், காதிலிருந்து எங்கோ உள்ளே இறங்குவதைப் பார்த்தேன். கண் அப்படியே நின்றுவிட்டது. அக்கா, இல்லீங்கக்கா, யாராயிருந்தாலும் அப்படித்தான், நானும் அதைத்தான் கொடுத்திருப்பேன், சொல், பூங்கொடி, சொல். மகிதாதான் பேசினாள். பயமெல்லாம் ஒரு நொடி விலகி, புரியாத ஒரு வார்த்தையைக் கேட்கும் அந்தப் பழக்கமான முகத்தோடு, "ஓமத்தண்ணின்னா என்ன பெரிம்மா?"

"அதா," என்றார் அக்கா. "அது, வயிறு சரியில்லீன்னா குடிக்கறது, சாமி. ஓமம் இருக்குதில்ல, சின்னச் சின்னதா, சீரகமாட்ட. அதைய லேசா வறுக்கோணும். வாசம் வர்ற வரைக்கும். அப்பறம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, நல்லாக் கொதிக்க உட்டு, பாதியா வத்துனதும் வடிகட்டி, ஆறவெச்சு." அவர் கை எதையோ ஆற்றுவதுபோல் காற்றில் மேலும் கீழும் போய்வந்தது. "ஆறவெச்சு," என்றார் மறுபடி. அடுத்து என்ன என்று தெரியாததுபோல் என்னைப் பார்த்தார். அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு மேல்மாடியில் கதவுகள் திறந்தன.